கடைசியாக முழங்காலிட்டவள்

என் அருமை சாமு,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். முதல் பக்கம் முழுக்கக் கல்யாணக் கோட்டுத் துணியைப் பற்றி, இரண்டாம் பக்கம் மோல்மேன் மழையைப் பற்றி, மூன்றாம் பக்கம் நீ கட்டிக்கொள்ளப் போகிற எஸ்தரைப் பற்றி. நாலாம் பக்கத்தில் என்னைப் பற்றி. அதை மட்டும் சின்ன எழுத்தில், பென்சிலால் எழுதியிருக்கிறாய். சின்னதாக எழுதினால் அம்மாவுக்குச் சின்னதாக வலிக்கும் என்று நினைத்தாயோ என்னவோ. எஸ்தரும் அவள் அம்மாவும் நம் வீட்டைப் பார்க்க ரங்கூனுக்கு வரும்போது, எனக்கு அந்தக் காலத்தில் வந்தது மஞ்சள் காமாலை என்று சொல்ல வேண்டுமாம். அவர்கள் இருக்கும்வரை நான் இருமக் கூடாதாம். இருமல் வந்தே தீரும் என்றால் அடுப்படிக்குப் போய்விட வேண்டுமாம். மாமியாராகப் போகிற வயதில், என் வீட்டில் நான் இருமுவதற்கு உன்னிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கடிதத்தை எஸ்தரின் அம்மாவே கொண்டுவந்து உன் கையில் கொடுத்தபோது உனக்கு வியர்த்திருக்கும். உறை ஒட்டாமல் இருப்பதைப் பார்த்து இன்னும் வியர்த்திருக்கும். மறந்துபோய் விட்டுவிடவில்லை, வேண்டுமென்றேதான் ஒட்டவில்லை. அந்த அம்மாள் படிக்கலாம், எஸ்தர் படிக்கலாம், நீ படித்த பிறகு உன் ஆபீஸில் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஒன்பது வருடமாக இந்த வீட்டில் எல்லாவற்றையும் ஒட்டி ஒட்டி வைத்தாயிற்று, பசைதான் செலவு. அந்த அம்மாள் ஏன் கொண்டுவந்தார் என்பதற்கு வருகிறேன். அதற்குள் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே. கதைப் புத்தகத்தில்கூட முடிவை முதலில் படித்துவிட்டு என்னிடம் அடி வாங்கினவன் நீ.

உன் மேல் எனக்கு இருக்கிற எரிச்சலில் பாதி என் மேலேயே இருக்க வேண்டியது. மறைக்கிற வித்தையை உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். அப்போது உனக்குப் பதினைந்து வயது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மழைக்காலம் முடிந்தும் இருமல் போகவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் சாக்பீஸ் தூள் என்றேன். சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது, வெயில் என்றேன். ரவிக்கைகளை எல்லாம் இரண்டு தடவை பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது, உபவாசம் என்றேன். உன் அப்பா அப்பாவி மனுஷன், எதைச் சொன்னாலும் நம்பினார். ஒரு நாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது இருமல் வந்து, கைக்குட்டையைப் பார்த்தால் ரத்தம். முப்பது பிள்ளைகள் என் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த எழுத்தை எழுதினேன். அதற்குப் பிறகும் ஆறு வாரம் வகுப்புக்குப் போனேன். வேலை போய்விடும் என்ற பயம், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம். பின்னால் ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்தப் பிள்ளைகளை வரவழைத்து, நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அது அவருடைய கிருபை, என் யோக்கியதை இல்லை. அந்த ஆறு வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே பிடிப்பதில்லை.

ஆஸ்பத்திரியில் சேரச் சொன்ன அன்று சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும்.

“யாராச்சும் கேட்டா, அம்மா மேமியோவுக்கு ட்ரெயினிங் போயிருக்காங்கன்னு சொல்லு.”

“எத்தனை நாளைக்கும்மா?”

“அதைக் கேட்டா, தெரியாதுன்னு சொல்லு.”

நீ சொன்னாய். நான் சொல்லிக்கொடுத்ததை விட நன்றாகவே சொன்னாய். மலைமேல் இருக்கிற மேமியோவில் குளிர் தாங்க முடியவில்லை என்று அம்மா எழுதியிருப்பதாகச் சொன்னாய். அம்மா ஒரு கூடை ஸ்ட்ராபெரி அனுப்பினாள், வழியிலேயே அழுகிவிட்டது என்று போதகர் ஐயாவின் மனைவியிடம் சொன்னாய். நான் திரும்பி வந்ததும் அந்த அம்மாள் முதல் வேலையாக ஸ்ட்ராபெரி ஜாம் செய்வது எப்படி என்று என்னிடம்தான் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? எட்டு மாதம் நான் பார்த்ததெல்லாம் கஞ்சியும் மாத்திரையும்தான். ஏதோ சர்க்கரை போட்டுக் கிண்ட வேண்டும் என்று உளறினேன். அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டுக் கண்டிக்காமல், என் பிள்ளைக்கு எவ்வளவு சமர்த்து என்று உள்ளுக்குள் பூரித்தேன் பார், அதுதான் நான் செய்த பெரிய தப்பு. அன்று விதைத்ததுதான் இப்போது நாலாம் பக்கமாக விளைந்து வந்திருக்கிறது.

அந்த எட்டு மாதத்தைப் பற்றி நான் உன்னிடம் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. நீயும் கேட்டதில்லை. தினம் ஊசி. குத்த இடம் இல்லாமல் நர்சு இன்றைக்கு எந்தப் பக்கம் என்று என்னையே கேட்பாள். ஊசியின் உபயத்தில் என் இடது காதில் இன்றைக்கும் கொதிக்கிற கெண்டி மாதிரி ஒரு சத்தம் இருக்கிறது. நீ பேசும்போது நான் தலையைத் திருப்புவது அதனால்தான், உன் பேச்சு பிடிக்காமல் இல்லை. ஊசியோடு ஒரு பொடி கொடுப்பார்கள், விழுங்கினால் குடலையே பிடுங்கிக்கொண்டு வரும். பக்கத்துக் கட்டிலில் மா த்வே என்று ஒரு பர்மியப் பெண், ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவிலிருந்து வந்தவள். காய்கறி விற்கிறவள். இருமல் என்று தெரிந்தால் யார் கீரை வாங்குவார்கள் என்று இரண்டு வருடம் வாயைப் பொத்திக்கொண்டே விற்றிருக்கிறாள். அவள் கணவன் படகில் வந்து அவள் காலடியில் உட்கார்ந்து தலைமுடியைச் சிக்கெடுத்துவிடுவான். நான் சேர்ந்த மூன்றாம் மாதம் அவள் போய்விட்டாள். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று நர்சு சொன்னாள். நீயும் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரஞ்சுப் பழப் பையோடு வராந்தாவில் நிற்பீர்கள். கிட்டே வரவேண்டாம் என்று சொன்னது நான்தான், டாக்டர் சொல்லித்தான் சொன்னேன். ஆனால் நீ வராந்தாவில் என் பக்கம் பார்க்காமல், தெரிந்தவர் யாராவது வருகிறார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பாய். அதை யாரும் உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இவ்வளவு பாடுபட்டுக் காத்த ரகசியம் என்ன ஆயிற்று? நான் திரும்பி வந்த மறுநாள் காலை, நாம் குடியிருக்கிற பசுந்தாங்கில் பாதித் தெரு விழித்துக்கொண்டிருக்கிற நேரம், கீழே மீன்சாறு ஊற்றிய மொஹிங்கா விற்கிற டோ கின் மேலே பார்த்துக் கத்தினாள்.

“சயாமா! நெஞ்சு நல்லாயிருச்சா? இன்னும் ரத்தம் வருதா?”

டீச்சர் என்பதற்குப் பர்மியர்கள் சொல்கிற மரியாதை வார்த்தையைக்கூட விடாமல், முழு மரியாதையோடு மானத்தை வாங்கினாள். நான் மூன்றாம் மாடியிலிருந்து, “இல்லே டோ கின், மேமியோவுல...” என்று ஆரம்பித்தேன். “அதான் தெரியுமே, ஊசி போட்டாங்களா, மாத்திரையா?” என்று இன்னும் சத்தமாகக் கேட்டாள். அப்புறம் மாடியிலிருந்து தொங்குகிற கயிற்றில் ஒரு தூக்கு மொஹிங்காவைக் கட்டி, இழுத்துக்கொள்ளச் சொன்னாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவளோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்தேன். இப்போது யோசித்தால், இந்தத் தெருவில் என்னைப் பார்த்து நேராகக் கேட்டவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களெல்லாம் என் வீட்டில் தாகம் எடுக்காதவர்களாக மாறிப்போனார்கள். அடிக்கிற வெயிலில் மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்குவார்கள், தண்ணீர் நீட்டினால் “இப்பத்தான் குடிச்சேன்” என்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிள்ளைகள் இல்லாத வேலையாகப் பார்த்துக் கொடுத்தார்கள், புத்தக அலமாரிக்குக் காவல். பிறகு பள்ளிக்கூடத்தையே சர்க்கார் எடுத்துக்கொண்டது, அந்தக் காவலும் போயிற்று. கப்பல் கப்பலாக நம் ஆட்கள் ஊருக்குக் கிளம்பிய அந்தச் சமயத்தில், நாமும் போகலாமா என்று அப்பா கேட்டார். அங்கேயும் எவளாவது என்னைத் தெரிந்தவள் இருப்பாள், கப்பலில் என்னோடு வருகிறவளே போய்ச் சொல்வாள் என்றேன். நோயை விட அதைப் பற்றிய பேச்சு என்னை அதிக தூரம் துரத்தியிருக்கிறது. தையல் மிஷினைப் போட்டு உட்கார்ந்தேன். ரவிக்கை தைக்கக் கொடுத்த புண்ணியவதிகள் அதை வாங்கிப்போய் மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, சாயம் போய்விட்டது என்று என்னிடமே சண்டைக்கு வந்தார்கள்.

இதெல்லாம் மற்றவர்கள் செய்தது. நானே எனக்குச் செய்துகொண்டதைச் சொல்கிறேன், கேள். நம் கோயிலில் மாதத்தின் முதல் ஞாயிறு இராப்போஜனம். பீடத்துக்கு முன்னால் கிராதி ஓரம் வரிசையாக முழங்காலிடுவோம், முதலில் ஆண்கள், பிறகு பெண்கள். திராட்சரசத்துக்கு எல்லாருக்கும் ஒரே வெள்ளிப் பாத்திரம். போதகர் ஐயா அதை ஒவ்வொருவர் வாயிலும் வைத்து, விளிம்பைத் துணியால் துடைத்து, அடுத்தவருக்குக் கொண்டுபோவார். சிகிச்சை முடிந்ததும் என்னால் யாருக்கும் ஆபத்தில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தை ஐயாவிடம் காட்டினேன். “அப்புறமென்ன, எல்லாரும் வர்ற மாதிரி வாங்கம்மா” என்றார். போயிருக்க வேண்டியதுதானே? நான் போகவில்லை. முழங்கால் வலி, எழுந்து வர நேரமாகும் என்று சொல்லிக்கொண்டு கடைசி ஆளாகப் போனேன். எனக்குப் பின்னால் யாரும் குடிக்க வேண்டியிருக்காது, யாருக்கும் சங்கடம் வேண்டாம் என்று. தாழ்மை என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் டாக்டர் கொடுத்த காகிதத்தை மாதம் ஒரு தடவை சபை நடுவில் நானே கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவளே கடைசியில் நிற்கிறாள் என்றால் இன்னும் ஏதோ இருக்கிறது என்றுதானே பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்? ஒரு தடவை பாடகர் குழுப் பெரியவர் ஒருவர் தவறிப்போய் எனக்குப் பின்னால் வந்துவிட்டார். நான் யாரென்று பார்த்தார், மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். கண்ணாடி அவர் மூக்கில் இருந்தது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. நான் இதை உன்னிடம் பேசியதே இல்லை. உனக்குப் பதினேழு வயது, திடப்படுத்தல் முடிந்து இராப்போஜனம் எடுக்க ஆரம்பித்த இரண்டாவது மாதம். நீ தாமதமாக வந்தாய், ஆண்கள் எல்லாரும் போய்த் திரும்பிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் எனக்குப் பின்னால் வந்து, என் வலது பக்கம் முழங்காலிட்டாய். என் பிள்ளைதானே, போகட்டும் என்று எனக்கு ஒரு சந்தோஷம். நான் குடித்தேன். ஐயா துடைத்தார், உன்னிடம் வந்தார். நீ உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை மட்டும் சாய்த்தாய். பாத்திரம் சாய்ந்தது, உன் தொண்டை அசையவில்லை. உனக்குப் பால் புகட்டினவள் நான், உன் தொண்டை அசைகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாதா? நான் எழுந்து வந்தேன். வேடிக்கை என்னவென்றால், அன்று மத்தியானம் நான் வைத்த கோழிக் குழம்பை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாய். என் தட்டிலிருந்து ஈரல் துண்டை எடுத்துத் தின்றாய். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நீ என் நோய்க்குப் பயப்படவில்லை. பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பயந்திருக்கிறாய். நோய்க்குப் பயந்திருந்தால் நான் மன்னித்திருப்பேன், சாமு. அன்று நீ என் மனதை உடைத்தாய். ஏழு வருடமாக அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இருக்கிறேன்.

போன வாரம் எஸ்தரும் அவள் அம்மாவும் வந்தார்கள். நல்ல பெண், உன் மூன்றாம் பக்கத்தில் பொய் இல்லை. நீ அப்பாவுக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறாயாமே, என் நெஞ்சுப் படங்களை எங்கேயாவது ஒளித்துவைக்கச் சொல்லி? உன் அப்பா இவ்வளவு பெரிய வீட்டில் இடம் தேடித் தேடி, கட்டிலில் பாய்க்கு அடியில் வைத்திருக்கிறார். நம் வீட்டில் இருப்பது இரண்டு நாற்காலி. எஸ்தரின் அம்மா கொஞ்சம் பாரியான உடம்பு, நேராகப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். சரசரவென்று சத்தம். நகர்ந்து உட்கார்ந்தார், மறுபடியும் சரசர. உன் அப்பா விட்டத்தில் ஓடுகிற பல்லியை ஆராய்ச்சி பண்ணினார்.

“பாய்க்கு அடியில என்னங்க, அப்பளமா?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அப்பளம் என்று சொல்லியிருக்கலாம். மஞ்சள் காமாலைக்குப் பதில் அப்பளம், அடுத்த ஒன்பது வருடத்துக்குப் போதும். எனக்கு அலுத்துவிட்டது, சாமு. “அப்பளம் இல்லேம்மா, என் நெஞ்சுப் படம்” என்று சொல்லி, பாயைத் தூக்கி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். “இந்தா, இந்த வெள்ளைத் தழும்பு இருக்கே, இதான். டீபி. எட்டு மாசம் ஆஸ்பத்திரியில இருந்தேன், அதுக்கப்புறமும் ஒரு வருஷம் மருந்து சாப்பிட்டேன். சுகமாயிருச்சு. உங்க மாப்பிள்ளை இதைச் சொல்லக் கூடாதுன்னு எழுதியிருக்கான்.” உன் அப்பா எழுந்து அடுப்படிக்குப் போய் இருமினார். நீ எனக்குப் போட்ட உத்தரவை அவராவது நிறைவேற்றினார்.

அந்த அம்மாள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டீயைத் தொடவில்லை. எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள். போயிற்று, கல்யாணம் போயிற்று, என் பிள்ளை என்னை மன்னிக்கவே மாட்டான் என்று நினைத்தேன். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கோயிலுக்குப் போறீங்களா டீச்சரம்மா? இராப்போஜனம் எடுக்கிறீங்களா?”

“எடுக்கிறேன். ஆனா கடைசியாத்தான் எடுப்பேன். எனக்குப் பின்னால யாரும் குடிக்கிறதில்லே” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“யாரும் குடிக்கிறதில்லையா?” அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “எங்கப்பா மோல்மேன்ல முப்பது வருஷம் கோயில்பிள்ளை. மணி அடிக்கிறதும் பாத்திரம் துடைக்கிறதும் அவருதான். மிஞ்சினதை ஐயா குடிச்சு, தண்ணி ஊத்தி அலசி அதையும் குடிச்சாத்தான் எங்கப்பா கையில தருவாரு. உங்க ஐயா மிச்சத்தைக் கீழேயா ஊத்துறாரு?”

நான் குடித்ததும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டே இடத்துக்குத் திரும்புகிறவள். பீடத்தில் பிறகு என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. இத்தனை வருடமும் மாதா மாதம் எனக்குப் பின்னால் ஒருவர் குடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எழுபது வயதுக் கிழவர், அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. பிரசங்கமாவது கொஞ்சம் குறைந்ததா என்றால் அதுவும் இல்லை, இன்றைக்கும் முழுசாக ஒரு மணி நேரம். மறுநாளே அவரிடம் போய் ஏன் சொல்லவில்லை என்று சண்டை பிடித்தேன். “நீங்க கேக்கலையேம்மா” என்றார். இவர்களையெல்லாம் என்ன செய்வது?

ஆனால் அன்று அதைப் பற்றி யோசிக்க எனக்கு நேரம் இல்லை. எஸ்தரின் அம்மா சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “எந்த ஆஸ்பத்திரி டீச்சரம்மா? என்னிக்குப் பார்ப்பாங்க?” என்றார். யாருக்கு என்று கேட்டேன். அதுவரை வாய் திறக்காத எஸ்தர்தான் பதில் சொன்னாள். “தங்கச்சிக்கு, ஆன்ட்டி.”

ரூத்துக்குப் பதினாறு வயது. உனக்குத் தெரியும், நீ போகும்போதெல்லாம் உள்ளறையில் படித்துக்கொண்டிருக்கிறாள் என்பார்களே, அவள். படித்துக்கொண்டிருக்கவில்லை, இருமிக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸிலிருந்து இருமல். சளி என்று கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மோல்மேன் ஆஸ்பத்திரிக்கு ஏன் கொண்டுபோகவில்லை என்று கேட்டேன். தகப்பன் இல்லாத வீடு, மூத்தவளுக்கு நல்ல இடம் அமைந்திருக்கிறது, ஆஸ்பத்திரி வாசலில் உன் ஆபீஸ் ஆள் யாராவது பார்த்துவிட்டால் உனக்குத் தெரிந்துவிடும் என்றார்கள். உனக்குப் பயந்து, சாமு. ஊசி போட்டுக்கொள்ளப் பயப்படுகிற உனக்குப் பயந்து, ஒரு பெண் நாலு மாதமாக வீட்டுக்குள் இருமியிருக்கிறாள். வீடு பார்க்க வருகிற சாக்கில் அவளையும் ரங்கூனுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, ரயிலில் வந்த களைப்பு என்று சொல்லி லான்மடா பேட்டையில் உறவுக்காரர் வீட்டில் படுக்கவைத்துவிட்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் என் கட்டிலில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நீ சொன்னபடி நான் மஞ்சள் காமாலை என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? டீ குடித்திருப்பார்கள், வீடு நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போயிருப்பார்கள். எனக்கு மா த்வேயின் ஞாபகம் வந்தது. நீ எழுதிய நாலாம் பக்கத்தை இன்னொரு தடவை எடுத்துப் படித்துப் பார்த்தேன்.

மறுநாள் விடிந்ததும் ரூத்தை சைக்கா ரிக்ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். படம் எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள், சேர்த்துக்கொண்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், எஸ்தரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் சுகமாகிவிடும் என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறார். நான் தினமும் சோறு கொண்டுபோகிறேன். எஸ்தர் இங்கேயே தங்கிவிட்டாள். அந்தப் பொடியை விழுங்கச் சொன்னால் ரூத் முகத்தைக் கோணுகிற கோணலைப் பார்க்க வேண்டுமே. வெல்லக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, விழுங்கினால்தான் தருவேன் என்று பேரம் பேசுகிறேன். இரண்டாம் நாள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள், “ஆன்ட்டி, ஊர்ல கேட்டா நான் எங்க போயிருக்கேன்னு சொல்லச் சொல்றது?” என்று.

“ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லச் சொல்லு” என்றேன். ஒன்பது வருடம் முன்னால் உனக்குச் சொல்லியிருக்க வேண்டியது அது. அன்று சொல்லாமல் போனதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அம்மாவைப் பற்றி வெட்கப்படச் சொல்லிக்கொடுத்துவிட்டு, வெட்கப்படுகிறானே என்று குறை சொல்ல எனக்குப் பாதி உரிமைதான் உண்டு. அந்தப் பாதியைத்தான் இவ்வளவு நேரம் உபயோகித்தேன்.

எஸ்தரின் அம்மா என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். “மாப்பிள்ளைக்கு மட்டும் தெரிய வேண்டாம் டீச்சரம்மா. கல்யாணம் முடியட்டும், நானே சொல்லிக்கிறேன்” என்று. நான் இன்றைக்கே எழுதப் போகிறேன், வீட்டைப் பார்க்க நீங்கள் மோல்மேன் போகும்போது நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள் என்றேன். அழுதார். திட்டினேன். இன்னும் அழுதார். எஸ்தர்தான் முடித்துவைத்தாள். “அவருக்குத் தெரியட்டும்மா. தெரிஞ்சு வந்தா வரட்டும்” என்றாள். அவள் உன் பதிலுக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக்கொண்டிருக்கிறாள். வாசலைப் பார்த்துக்கொண்டு அல்ல, தங்கையின் கட்டிலைப் பார்த்துக்கொண்டு.

நீ என் ஒரே பிள்ளை. பிரியம் இல்லாமலா இவ்வளவு மையைச் செலவழிப்பேன்? எனக்குச் சுகமான மாதிரி அந்தப் பெண்ணுக்கும் சுகமாகும். அதற்குள் உன் எதிரில் உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடு, மிச்சத்தை நீ குடி. பதிலைப் பென்சிலால் எழுதாதே. எழுதவே வேண்டாம், வந்து சேர். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கு லீவு வாங்கு. நாங்கள் அன்றைக்குக் குடும்பமாக முழங்காலிடப் போகிறோம் என்று ஐயாவிடம் சொல்லியாயிற்று, “வாங்க” என்று சொல்லிவிட்டார். நான் இனிக் கடைசியில் வரமாட்டேன். முதல் வரிசை, இடது ஓரம், பாத்திரம் முதலில் வருகிற இடம். எனக்கு அடுத்த இடம் உனக்கு, உனக்கு அடுத்து எஸ்தர். நீ வரவில்லை என்றால் எஸ்தர் என் பக்கத்தில் நகர்ந்துகொள்வாள், அதையும் நாங்கள் பேசிவிட்டோம். வந்தால், உதட்டை மூடிக்கொண்டு நடிக்காதே. அன்றைக்கு நான் கண்ணை மூடி ஜெபிக்கப் போவதில்லை. உன் தொண்டையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

உன் அம்மா